உறைய வைத்து உருக்கிய மீனைப் புரதம் காட்டிக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அது தெரிந்ததும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஃப்ரெஷ்னு சொல்லித்தான் குடுத்தாங்க, நிஜமாவே ஃப்ரெஷ்தானா?" அந்த ஒன்றுக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. இங்கே நான் அதிகம் பேசப்போவது ஒரு மோசடியைப் பற்றி: உறைய வைத்த மீனை உருக்கி, இன்று கரைக்கு வந்த மீன் என்று விற்பது. இதைப் பிடிக்கப் புரதச் சோதனை எப்படி உதவுகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

உறைய வைத்த மீன் கெட்ட மீனா?

இல்லை. பிடித்த சில மணி நேரத்தில் வேகமாக உறைய வைத்து, மைனஸ் 18 டிகிரியில் விடாமல் பராமரித்த மீன், ஒரு வாரம் விசைப்படகின் ஐஸ் அறையில் கிடந்து கரைக்கு வந்த மீனைவிட எவ்வளவோ மேல். ஏற்றுமதிக்குப் போகும் நம் இறாலில் பெரும்பகுதி உறைந்த நிலையில்தான் போகிறது. யாரும் குறை சொல்வதில்லை.

மறைத்து விற்பதுதான் தவறு. வாங்குகிறவர் பச்சை மீனுக்கான, அதாவது உறையவே வைக்காத மீனுக்கான விலையைக் கொடுக்கிறார். அதோடு, உருகிய மீனில் கசியும் சாறு கிருமிகளுக்கு நல்ல தீனி. "இன்னைக்கு வந்த மீன்தானே, ரெண்டு நாள் தாங்கும்" என்று நம்பி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறார், அல்லது மறுபடியும் ஃப்ரீசரில் போட்டு இரண்டாம் முறை உறைய வைக்கிறார். முன்பே உறைந்த மீன் என்று தெரிந்திருந்தால் இரண்டையும் செய்திருக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டு உணவுத் தகவல் சட்டப்படி, பொதுவாக இப்படிப்பட்ட மீனின் பெயரோடு "உருக்கப்பட்டது" என்றும் எழுதியாக வேண்டும். நம் சந்தையில் கூடையில் கிடக்கும் மீனுக்கு லேபிள் ஏது? விற்பவர் வாய்ச்சொல்தான் லேபிள்.

இது எந்தக் காலத்தில் அதிகம் நடக்க வாய்ப்பு?

வரத்து குறைந்து தேவை குறையாத காலத்தில். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குத் தடைக்காலம் கிடையாது. நாட்டுப்படகிலும் கட்டுமரத்திலும் வரும் மீன் எத்தனை பேருக்குக் காணும்? அந்த நாட்களில் குளிர்பதனக் கிடங்குகளில் இருக்கும் வஞ்சிரமும் வவ்வாலும் வெளியே வருவது இயல்பு. வரட்டும். "இது ஸ்டாக் மீன்" என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

கண்ணையும் செவுளையும் பார்த்தால் தெரியாதா?

முழு மீன் என்றால் நிறையவே தெரியும். அனுபவமுள்ள மீன்காரம்மாவின் கண்ணுக்கு நான் ஆய்வகத்தில் இருந்துகொண்டே மரியாதை கொடுப்பேன். தெளிவான, புடைத்த கண். ரத்தச் சிவப்பான செவுள். விரலால் அழுத்தினால் மீண்டும் எழும் சதை. உறைந்து உருகிய மீனில் கண் மங்கி உள்வாங்கியிருக்கும், செவுள் வெளிறியிருக்கும், சதை தொளதொளக்கும்.

சிக்கல் துண்டு மீனில்தான். தலை இல்லை, கண் இல்லை, செவுள் இல்லை. தோலும் உரித்த ஃபில்லே என்றால் பார்த்துச் சொல்ல எதுவுமே மிச்சமில்லை. கழுவி, ஐஸ் தூளில் அடுக்கி, வெள்ளை விளக்கின் கீழ் வைத்தால் எந்தத் துண்டும் பளபளக்கும். புரதச் சோதனையின் தேவை தொடங்குவது இந்த இடத்தில்.

ஏற்கெனவே ஆய்வகங்களில் மீனின் புத்துணர்வைச் சோதிக்கிறார்களே, அது போதாதா?

போதாது. வழக்கமான சோதனைகள் பார்ப்பது கெட்டுப்போதலை. மீன் இறந்தபின் தசையிலுள்ள, ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஹைப்போஸாந்தீன் ஆகிறது. அந்தச் சிதைவை வைத்து 1959இல் ஜப்பானில் வகுத்ததுதான் கே மதிப்பு. பச்சையாகச் சாப்பிடும் சஷிமிக்கு அது 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அடுத்து, கிருமிகள் புரதத்தையும் பிற நைட்ரஜன் பொருட்களையும் உடைக்கும்போது வரும் ஆவியாகும் நைட்ரஜனை அளப்பது. மூக்கில் ஏறும் அந்த நாற்றத்துக்கு ஒரு எண் கொடுக்கும் வேலை அது.

இந்த இரண்டும் கடிகாரங்கள். உறைய வைத்தால் கடிகாரம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆறு மாதம் முன்பு நல்ல நிலையில் உறைய வைத்து இன்று காலை உருக்கிய துண்டு, இரண்டு சோதனையிலும் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிடும். கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதானே! நம் கேள்வி வேறு: இந்தத் தசை ஒருமுறையாவது உறைந்ததா? அதற்கு நேரத்தோடு ஓடாத, உறைதல் மட்டுமே விட்டுச்செல்லும் தடயம் வேண்டும்.

உறையும்போது புரதத்துக்கு என்னதான் ஆகிறது?

மீன் சதையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர், 15 முதல் 20 சதவீதம் புரதம். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் பனிக்கட்டியாக மாறுகிறது. இந்த இடைவெளியை மீன் வேகமாகக் கடந்தால் சின்னச் சின்னப் படிகங்கள். மெதுவாகக் கடந்தால் பெரிய, கூரிய படிகங்கள். அவை உயிரணுச் சவ்வைக் கிழிக்கின்றன. உயிரணுவுக்குள் தனித்தனிப் பைகளாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் லைசோசோமும் பிய்ந்துபோகின்றன. அடைபட்டிருந்த நொதிகள் வெளியே கசிகின்றன.

இன்னொரு பக்கம், தண்ணீர் பனியாகப் பிரிந்துவிடுவதால் மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது. தசைக்கு உருவமும் ஈரமும் தரும் மயோசின் என்ற நீளப் புரதம் அந்த உப்பில் தன் வடிவம் இழந்து, பக்கத்து மயோசினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது உருக்கினாலும் பிரிவதில்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி போய்விடுகிறது.

இதை உங்கள் சமையலறையிலேயே பார்த்திருப்பீர்கள். வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவித் தட்டில் வைத்து, அரைமணி நேரம் கழித்து வந்தால் தட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய் நீர் தேங்கி, மசாலாவையும் இழுத்துக்கொண்டு நிற்கும். கல்லில் போட்டதும் பொரியாமல் வேகும். அந்த நீர் வெறும் தண்ணீர் அல்ல. கிழிந்த உயிரணுக்களிலிருந்து வழிந்த புரதக் கரைசல் அது. (உப்பும் தன் பங்குக்கு நீரை இழுக்கும், அதனால் மசாலா தடவுமுன் தேங்கும் நீரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.) எங்கள் சோதனைகளில் பாதி அந்தச் சாற்றில்தான் நடக்கிறது.

அந்தச் சாற்றில் எதைத் தேடுகிறீர்கள்?

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு நொதியை. பீட்டா ஹைட்ராக்ஸி அசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ் என்று பெயர். கொழுப்பை எரிக்கும் வேலையில் பங்கெடுப்பது. பச்சைத் தசையை அழுத்திப் பிழிந்தால் வரும் சாற்றில் இது கொஞ்சமாகவே இருக்கும், ஏனென்றால் பை கிழியவில்லை. உறைந்து உருகிய தசையின் சாற்றில் ஏராளமாக இருக்கும். சாற்றோடு தேவையான வேதிப்பொருட்களைக் கலந்து நிறமாலைமானியில் வைத்து, 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்போம். வேகமாக இறங்கினால் நொதி அதிகம்.

ஆனால் அதிகம் என்றால் எதைவிட அதிகம்? மீனுக்கு மீன் இந்த அளவு மாறும். இதற்கு ஒரு அழகான வழி உண்டு, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சந்தேகத் துண்டை இரண்டாக வெட்டுகிறோம். ஒரு பாதியை அப்படியே பிழிந்து அளக்கிறோம். மறு பாதியை நாமே உறைய வைத்து, உருக்கி, பிழிந்து அளக்கிறோம். மீன் உண்மையிலேயே பச்சை மீன் என்றால் இரண்டாம் அளவு எகிறும், அதன் பைகள் இப்போதுதான் முதல் தடவையாகக் கிழிகின்றன. ஏற்கெனவே உறைந்த மீன் என்றால் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும். கிழிய வேண்டியது முன்பே கிழிந்துவிட்டது. அந்த மீனுக்கு அந்த மீனே அளவுகோல்.

லைசோசோமிலிருந்து கசியும் நொதிகளையும் இதே போல அளக்கலாம்.

ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது என்கிறார்களே, அது என்ன?

புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் முறை. 1970இல் லேம்லி என்ற விஞ்ஞானி செம்மைப்படுத்திய வடிவத்தையே இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மீன் சாற்றைச் சலவைச் சோப்பு போன்ற ஒரு பொருளோடு கொதிக்கவைத்து, மெல்லிய ஜெல் பலகையின் மேல் விளிம்பிலுள்ள பள்ளங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். சிறிய புரதங்கள் வேகமாகக் கீழே ஓடும், பெரியவை மேலேயே தங்கும். பிறகு நீலச் சாயத்தில் ஊறவிட்டு, சாயத்தை மெல்ல மெல்ல அலசி எடுக்க வேண்டும். ஜெல் முழுக்க நீலமாய் இருந்தது வெளுத்து வெளுத்து, வரிசை வரிசையாய்க் கோடுகள் மட்டும் நிற்கும். உச்சியில் 200 கிலோ டால்டன் (புரத எடையின் அலகு) அளவில் மயோசினின் கனத்த கோடு, நடுவில் 42இல் ஆக்டின் என்ற தசைப் புரதம், அடியில் 10 முதல் 12க்குள் பார்வால்புமின் என்ற சிறிய புரதம். பல வருடம் பார்த்தும் அந்த நிமிடம் எனக்கு அலுக்கவில்லை.

சந்தேக மீனின் கோடுகளையும், உறையவே இல்லை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த அதே இன மீனின் கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எது மங்கியது, எது புதிதாக முளைத்தது என்பதுதான் செய்தி. ஒரே எடையுள்ள புரதங்கள் ஒரே கோட்டில் ஒளிந்துகொள்ளும் என்பதால், மின்னூட்ட வாரியாக ஒரு திசையிலும் எடை வாரியாக மறு திசையிலும் பிரிக்கும் இருபரிமாண ஜெல்லும் உண்டு, 1975இல் வந்தது. கோட்டுக்குப் பதில் அதில் புள்ளிகள், வானத்து நட்சத்திரம் போல. ஐரோப்பியக் கொடுவா இனத்தின் ஃபில்லேக்களை இந்த முறையில் ஆராய்ந்து, பச்சையையும் உருக்கியதையும் பிரித்தறியலாம் என்று பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி?

ஜெல்லில் "இந்தப் புள்ளி மாறியிருக்கிறது" என்று தெரியும். அது எந்தப் புரதம் என்று சொல்வது இந்தக் கருவி. புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் எடையையும் நுணுக்கமாக அளந்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட வேண்டும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் ஆவியாக்கி எடைபோட வழி கண்டதற்காகத்தான் ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனாகாவுக்கும் 2002இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. கருவி விலை கோடிகளில். அதனால் அடையாளப் புரதங்களைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தி, அன்றாடச் சோதனையை மலிவான முறைக்கு மாற்றிக்கொள்வதுதான் நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

ஸ்பெயின் சூரை மீன் விவகாரம் என்ன?

இந்த மோசடி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு அது உதாரணம். சூரையின் சிவப்புக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். பிடித்ததும் சிவப்பு, காற்றுப்பட்டு நாளாக ஆகப் பழுப்பு. அதனால் வாங்குகிறவர்கள் நிறத்தையே வயதாக எடுத்துக்கொள்கிறார்கள். டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கென்று உப்புநீரில் மைனஸ் 9 டிகிரி அளவில் உறைய வைக்கும் சூரை விலை குறைவு, அதைப் பச்சை மீனாக விற்க ஐரோப்பிய விதிகளில் இடமில்லை. அந்த மீனை உருக்கி, நைட்ரைட் செறிந்த காய்கறிச் சாறுகளை ஏற்றி, பளிச்சென்ற சிவப்பாக்கி, பச்சைச் சூரை என்று விற்றார்கள். நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு மயோகுளோபினோடு பிணைந்துகொண்டு நிறத்தைப் பிடித்துவைக்கிறது. கார்பன் மோனாக்சைடும் இதே வேலையைச் செய்யும்.

2017இல் ஸ்பெயினில் சூரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், சரியாகக் குளிர்விக்காத மீனில் கிருமிகள் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் ஒருங்கிணைத்த நடவடிக்கையில் 51 டன் சூரை கைப்பற்றப்பட்டதாக 2018இல் அறிவித்தார்கள். ஹிஸ்டமின் உருவானபின் உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நிறம் போய்விட்டிருந்தால் அந்த மீனை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டார்கள்.

ஃபார்மலின் போட்ட மீனையும் புரதம் காட்டுமா?

காட்டும், ஆனால் அதற்குப் புரதச் சோதனைவரை போக வேண்டியதில்லை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு, புரதங்களிடையே பாலம்போல் நின்று கட்டிப்போடுகிறது. மருத்துவக் கல்லூரி ஜாடியில் உறுப்புகள் அழுகாமல் இருப்பது இதனால்தான். கட்டுண்ட புரதம் கரையாது, ஜெல்லில் கீழே ஓடாது.

2018இல் கேரளத்தில் "ஆபரேஷன் சாகர் ராணி" சோதனைகளில் ஃபார்மலின் மீன் பிடிபட்டபோது தமிழ்நாட்டிலும் பயம் பரவியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைச் சோதனை சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சில மீன்களில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உருவாகும். பம்பாய் வாத்து என்று சொல்லப்படும் பம்லோ அதில் ஒன்று. காட் இன மீன்களை உறைய வைத்திருக்கும்போதும் அவற்றின் நொதியே அதை உண்டாக்கி, சதையை நார்நாராக்கிவிடுகிறது. இனம் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வியாபாரியைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது.

இறாலுக்கும் இது பொருந்துமா?

அடிப்படை ஒன்றுதான், அடையாளப் புரதங்கள் வேறு. இறால் தலை கறுப்பது அழுகல் அல்ல, ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை. அதைத் தடுக்க மெட்டாபைசல்ஃபைட்டில் முக்குவார்கள். எனவே கறுக்காத இறால் புது இறால் என்று முடிவுகட்ட வேண்டாம்.

வேறு மீனைப் பெயர் மாற்றி விற்றால்?

அதற்கு டிஎன்ஏ சோதனை சிறந்தது. ஆனால் உறைந்ததா இல்லையா என்பதை டிஎன்ஏ சொல்லாது. பச்சையோ உருகியதோ, வஞ்சிரம் வஞ்சிரம்தான்.

புரதச் சோதனை தவறாகச் சொல்லுமா?

சொல்லும். பத்துப் பன்னிரண்டு நாள் ஐஸில் கிடந்த மீனில் மைட்டோகாண்ட்ரியா தானாகவே சிதைந்து, உறைந்த மீன் போலவே நொதி கசியும். உறையாத பழைய மீனை உறைந்த மீன் என்று எழுதிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது. எனவே கே மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புத்துணர்வு எண் நன்றாக இருந்து நொதியும் கசிந்திருந்தால் உறைந்தது என்ற முடிவுக்கு வலு கூடும். மிக வேகமாக உறைய வைத்த மீனில் சேதம் குறைவு, தடயமும் மங்கல். கடையில் கைமா செய்த மீனில் இயந்திரமே உயிரணுவைக் கிழித்துவிடும், சோதித்துப் பயனில்லை. சமைத்ததிலும் நொதிச் சோதனை நடக்காது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒப்பிடுவதற்கான மாதிரி. ஐரோப்பியக் கொடுவாவுக்கும் காட் மீனுக்கும் நல்ல தரவு இருக்கிறது. நம் சங்கராவுக்கும் கிழங்கானுக்கும் அந்த அளவுக்கு வேண்டும். கரையில் பிடித்த கையோடு மாதிரி எடுத்து, இனம் இனமாக, பருவம் பருவமாகச் சேர்க்கும் பொறுமையான வேலை அது. அதைச் செய்ய ஆய்வகத்துக்கு முன் மீனவர்கள்தான் வேண்டும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் மீனைச் சோதனைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கும் உரிமையைத் தருகிறது. சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உறைந்ததா என்ற நொதிச் சோதனையை எல்லா ஆய்வகமும் செய்வதில்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரியைக் கொண்டுவரும் முறை இதைவிட முக்கியம். ஒரு பெரியவர் தடைக்காலத்தில் வாங்கிய வஞ்சிரத்தில் சந்தேகப்பட்டு, கெட்டுவிடக் கூடாதே என்று இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்திருந்து, வெயிலில் பேருந்து ஏறி எங்களிடம் கொண்டுவந்தார். கல்லாய் உறைந்த பொட்டலம். கடைக்காரர் உறைய வைத்ததா, இவர் உறைய வைத்ததா என்று இனி எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. அவரிடம் அதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. எனவே ஃப்ரீசர் வேண்டாம். தண்ணீர் புகாத உறையில் மீனைக் கட்டி, சுற்றிலும் நொறுக்கிய ஐஸ் போட்டு, வாங்கிய அன்றே கொண்டுவாருங்கள். வாங்கிய நேரத்தையும் கடையையும் உறைமேல் எழுதிவிடுங்கள்.